கேஸ் தீரலை... கிளட்ச் பிடிக்கலை!

கோடையில் கார் ஏ.சி. மக்கர் செய்தால் வீட்டு வாசலிலேயே எதைப் பார்க்கலாம், எதைச் சரிசெய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும்?

மே மாதத்து மதியம் இரண்டு மணி. பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக அப்படியே நிற்கின்றன. வெள்ளை நிறச் சின்ன கார் ஒன்றின் பின்சீட்டில் பாட்டி முந்தானையால் விசிறிக்கொள்கிறார். பேரன் சட்டையைக் கழற்றி வெகுநேரம் ஆகிவிட்டது. தாம்பரத்தில் ஜில்லென்று வந்த காற்று இப்போது அனலாக வருகிறது. ஃபேன் என்னவோ அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. பட்டனில் விளக்கும் எரிகிறது. வேறு வழியில்லாமல் சாலையோரத்து ஏ.சி. கடையில் வண்டியை ஒதுக்குகிறார் குடும்பத் தலைவர்.

"காலையில நல்லாத்தாண்ணே இருந்துச்சு. இப்ப சுத்தமா கூலிங் இல்ல."

"கேஸ் குறைஞ்சிருக்கும் சார். எடுத்துட்டு புதுசா ஏத்திடலாம். முக்கால் மணி நேரம் ஆகும்."

பானட்டைத் திறந்து ஹோஸ் மாட்டி, பழைய கேஸை வெளியே விட்டு, வேக்கம் போட்டு, புது கேஸ் ஏற்றுகிறார்கள். காற்று ஜில்லென்று வருகிறது. காசு கைமாறுகிறது. வண்டி கிளம்பிப் பரனூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது மறுபடி அனல்!

கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய கதைதான். "கம்ப்ரசரே போயிடுச்சு சார்" என்பது அடுத்த கடையில் கிடைக்கும் பதில். அதற்கான பில் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும். ஆனால், கேஸ் தீரவும் இல்லை, கம்ப்ரசர் சாகவும் இல்லை என்ற சாத்தியம் ஒன்று இருக்கிறது. பானட் திறந்து கிடந்த அந்த முக்கால் மணி நேரத்தில் ஆறியது கம்ப்ரசரின் முகப்பில் இருக்கும் ஒரு காந்தச் சுருள். ஆறியதால் அது திரும்ப வேலை செய்தது. பெயர் வாங்கிக்கொண்டது கேஸ்.

கேஸுக்கு வெளியே இருக்கும் மூன்று பாகங்கள்

கார் ஏ.சி.யின் கம்ப்ரசரை இன்ஜின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. இன்ஜின் ஓடும்வரை பெல்ட்டும் ஓடும். ஆனால், கம்ப்ரசர் எந்நேரமும் ஓட வேண்டியதில்லை. தேவைப்படும்போது இணைத்து, போதும் என்றதும் பிரித்துவிடுகிற வேலைதான் கிளட்ச்சினுடையது.

1940 மாடல் பேக்கார்டு கார்தான் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார். அதில் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு 1950-களில் முடிவு கட்டியது மின்காந்த கிளட்ச். இன்றும் அடிப்படை அமைப்பு அதேதான்.

பெல்ட் ஓடும் புல்லி ஒன்று. அது ஒரு பேரிங்கின் மேல் சுதந்திரமாகச் சுற்றும். அதன் பின்னால் அசையாமல் நிற்கும் காயில் இரண்டாவது. முன்னால், கம்ப்ரசரின் ஷாஃப்ட்டோடு இணைந்த இரும்புத் தட்டு மூன்றாவது. கடைகளில் இதைத்தான் 'பிளேட்' என்கிறார்கள். ஏ.சி. பட்டனை அழுத்தினால் காயிலுக்கு 12 வோல்ட் போகிறது. காயில் காந்தமாகி, 'டக்' என்று பிளேட்டைப் புல்லியோடு ஒட்டவைக்கிறது. அதன்பின் கம்ப்ரசர் சுற்றுகிறது.

கவனிக்க வேண்டியது, இந்த மூன்றும் கேஸ் அடைபட்டிருக்கும் பகுதிக்கு வெளியே இருக்கின்றன என்பதுதான். கேஸை உள்ளே தடுத்து வைத்திருக்கும் ஷாஃப்ட் சீல் இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. கை போக இடமிருக்கும் வண்டிகளில் பிளேட்டையும் புல்லியையும் காயிலையும் கழற்றி மாட்ட ஒரு சொட்டு கேஸைக்கூட வெளியேற்ற வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய ஏ.சி. வேலை என்று ஒன்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

மத்தியானம் மட்டும் ஏன் மக்கர்?

பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில், ஏ.சி. அணைந்திருக்கும்போது, மெல்லிய இடைவெளி உண்டு. புது வண்டியில் அது விரல் நகத்தின் கனம்தான். ஒவ்வொரு முறை 'டக்' என்று ஒட்டும்போதும் இரண்டு இரும்புப் பரப்புகளும் துளித்துளியாகத் தேய்கின்றன. பல வருடங்கள் ஓடியதும் இடைவெளி கூடிவிடுகிறது. காந்தம் இப்போது அதிக தூரத்திலிருந்து இழுக்க வேண்டும்.

காலையில் அது எப்படியோ இழுத்துவிடும். மதியம்தான் சிக்கல். காயிலில் இருப்பது செம்புக் கம்பி. சூடு ஏறினால் செம்பின் மின்தடையும் ஏறும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டும் காயில், 100 டிகிரியில் 4.7 ஓம் காட்டும். 12 வோல்ட்டில் ஓடும் மின்சாரம் 3.3 ஆம்பியரிலிருந்து 2.5 ஆம்பியருக்கு இறங்கிவிடும். காந்தத்தின் இழுவை மின்சார அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, இழுக்கும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் சரிகிறது. சிக்னலில் நிற்கும்போது எதிர்க்காற்றும் இல்லை. தேய்ந்த கிளட்ச் அங்கேதான் கைவிடும்.

அறிகுறி இப்படித்தான் இருக்கும்: காலையில் ஜில், மதிய டிராஃபிக்கில் அனல், வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஜில். கேஸ் குறைந்த வண்டி பொதுவாக இப்படி நேரம் பார்த்து மக்கர் செய்யாது. அதில் குளிர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும்.

▣ பெட்டி: கிளட்ச், எண்களில்

• காயிலின் மின்தடை: பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 5 ஓம்.
• பிளேட் இடைவெளி: பல கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.8 மி.மீ.க்குள். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.
• இடைவெளியைச் சரிக்கட்டும் சிம் வாஷரின் கனம்: 0.1 மி.மீ.யிலிருந்து.
• சின்ன காரில் இருக்கும் கேஸ்: ஏறத்தாழ 400 கிராம்.
• அந்த ஆர்134ஏ கேஸின் கொதிநிலை: மைனஸ் 26 டிகிரி. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும்.

வாசலில் நின்றே கண்டுபிடிக்கலாம்

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஏ.சி. மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, இன்ஜின் ஓடும்போது பானட்டைத் திறந்து, கை வைக்காமல் கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். வெளிவட்டமான புல்லி எப்போதும் சுற்றும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நடுவில் இருக்கும் பிளேட் சுற்றுகிறதா என்பதே கேள்வி. சுற்றுகிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் கிளட்ச் மீது குற்றமில்லை. கேஸ், வால்வு, கம்ப்ரசரின் உள்பாகம் என்று தேட வேண்டும். பிளேட் நிற்கிறது என்றால் அடுத்த கேள்வி: காயிலுக்குக் கரன்ட் வருகிறதா?

இதற்கு ஒரு மல்ட்டிமீட்டர் போதும். இன்ஜினை அணைத்துவிட்டு, மீட்டர் ஒயர்களைக் காயிலின் கனெக்டரில் பொருத்தி, பெல்ட் பக்கம் போகாமல் கட்டிவைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் பிளேட் அசையவில்லை என்றால் கோளாறு கிளட்ச்சில்தான். வோல்ட் வரவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஏ.சி. ரிலேயும் ஒரே ரகம். இரண்டும் ஒன்றேதானா என்று பார்த்து, இடம் மாற்றிப் போட்டால் ரிலேவின் கதை தெரிந்துவிடும்.

வோல்ட் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்டென்சர் ஃபேன் ஓடாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது கேஸின் அழுத்தம் எகிறும். பிரஷர் சுவிட்ச் கரன்ட்டை வெட்டிவிடும். கேஸ் மிகவும் குறைந்தாலும் அதே சுவிட்ச்தான் வெட்டும். வெளிப்பார்வைக்கு எல்லாமே 'டிராஃபிக்கில் கூலிங் இல்லை' என்று ஒன்றுபோலத் தெரியும். மீட்டர்தான் பிரித்துக் காட்டும்.

▣ பெட்டி: சத்தம் சொல்லும் சேதி

• ஏ.சி. அணைந்திருக்கும்போதே 'கர்ர்' என்ற சத்தம்; ஏ.சி. போட்டால் மாறுகிறது அல்லது நிற்கிறது: புல்லி பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.
• ஏ.சி. போட்டால் மட்டும் கடமுடா சத்தம்: கம்ப்ரசரின் உள்ளே கோளாறு.
• சில நொடிகளுக்கு ஒருமுறை 'டக்... டக்' என்று ஒட்டிப் பிரிகிறது: கேஸ் குறைவாக இருக்கலாம்.
• கிறீச்சிடலும் கருகிய வாடையும்: பிளேட் வழுக்குகிறது, அல்லது கம்ப்ரசர் இறுகிவிட்டது.
• பிளேட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு: ஷாஃப்ட் சீல் கசிவு. இது வீட்டு வேலை இல்லை.

ஒரு சிம்மைக் கழற்றினால்...

கிளட்ச்தான் என்று தெரிந்துவிட்டது. இனி பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். சில வண்டிகளில் கம்ப்ரசர் மேலிருந்தே கைக்கு எட்டும். பலவற்றில் முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால்தான் முகம் காட்டும். அப்படியானால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியாக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்கக் கூடாது.

முதலில் பிளேட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான முரண்டோடு சுற்றினால் நல்லது. அசையவே மறுத்தால் கம்ப்ரசர் இறுகிவிட்டது. புது கிளட்ச் போட்டாலும் எரிந்துதான் போகும். சுற்றுகிறது என்றால் ஃபீலர் கேஜை பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் மூன்று இடங்களில் செருகி இடைவெளியை அளக்க வேண்டும். மேனுவலில் 0.6 என்று இருக்கும் இடத்தில் 0.9, 1.0 என்று வந்தால் திருடன் அகப்பட்டான்.

பிளேட்டின் நடுவில் ஒரே ஒரு போல்ட்டோ நட்டோ இருக்கும். பிளேட் சுற்றாமல் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றினால் பிளேட் வெளியே வரும். துருப்பிடித்திருந்தால் புல்லர் தேவைப்படும். உள்ளே ஷாஃப்ட்டின் மேல், அல்லது பிளேட்டின் குழிக்குள் ஒட்டிக்கொண்டு, காகிதம்போல மெலிந்த வாஷர்கள் இருக்கும். அவைதான் சிம். கீழே விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்வது நல்லது. அவற்றின் கனத்தை அளந்து, இடைவெளி எவ்வளவு கூடியிருக்கிறதோ அந்தக் கனத்துக்குச் சிம்மை எடுத்துவிட்டு, அல்லது மெல்லியதாக மாற்றிவிட்டு, பிளேட்டைத் திரும்ப மாட்டி மறுபடி அளக்க வேண்டும்.

ஆசைப்பட்டு அதிகமாக எடுத்துவிடக் கூடாது. இடைவெளி மிகவும் குறைந்தால் ஏ.சி. அணைந்திருக்கும்போதும் பிளேட் உரசும். உரசிச் சூடேறிக் காயிலையும் சேர்த்து எரிக்கும். மாட்டிய பிறகு புல்லியைக் கையால் சுற்றினால் எங்கும் உரசாமல் ஓட வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் பலமுறை போட்டு அணைத்தால் பரப்புகள் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும்.

காயிலின் மின்தடை முடிவில்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. காயிலை மாற்ற வேண்டும். அதற்குச் சர்க்கிளிப் பிளையரும் புல்லரும் வேண்டும். பேரிங் என்றால் புல்லியை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்ப் பிரஸ்ஸில் அழுத்தி மாற்றிக்கொள்வதே முறை. சுத்தியலால் தட்டி ஏற்றிய பேரிங் சீக்கிரமே திரும்பவும் கத்தும்.

▣ பெட்டி: இங்கே கையை எடுத்துவிடுங்கள்

• கேஸ் பைப்பின் நட்டைத் திறக்கவே வேண்டாம். 40 டிகிரி வெயிலில், நிற்கும் வண்டியிலேயே உள்ளே 130 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் இருக்கும். ஓடும்போது இன்னும் அதிகம்.
• ஓடும் இன்ஜினில் பிளேட்டைக் குச்சியால் தட்டி ஒட்டவைக்கும் வித்தையை முயலாதீர்கள்.
• ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, வளையல், பின்னல் எதுவும் அருகில் போகக் கூடாது.
• எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் கம்ப்ரசருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் ஓடலாம். தொடாதீர்கள்.

தவறான வைத்தியத்தின் விலை

கிளட்ச் கோளாறுக்குக் கேஸ் ஏற்றுவதால் காசு மட்டும் வீணாவதில்லை. எடை பார்க்காமல், உள்ளே இருப்பதன் மேலேயே கொஞ்சம் 'டாப் அப்' செய்யும் கடைகள் உண்டு. ஏற்கெனவே சரியாக இருந்த கேஸ் இப்போது அளவுக்கு மிஞ்சுகிறது. அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசரைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. தேய்ந்த பிளேட் வழுக்குகிறது. வழுக்கினால் சூடு; சூட்டில் காயிலின் வார்னிஷ் கருகும்; பேரிங்கின் கிரீஸ் உருகும். சிம்மோடு முடிய வேண்டிய வேலை கிளட்ச் செட்டில் வந்து நிற்கிறது.

பேரிங்கை அலட்சியப்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட். பேரிங் இறுகிப் புல்லி நின்றால் பெல்ட் அறும். அந்த நிமிடத்திலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை, இன்ஜினுக்குத் தண்ணீர் ஓட்டம் இல்லை. நடுவழியில் இன்ஜின் கொதிக்கும். ஏ.சி.யே போடாமல் ஓட்டினாலும் இது நடக்கும். ஏனென்றால், புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது விலையைக் கொடுப்பது ஊர். ஆர்134ஏ கேஸ் ஓசோனைத் தின்னாது. ஆனால், புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கிடப்பட்டது. ஒரு சின்ன காரின் 400 கிராமைக் காற்றில் திறந்துவிடுவது 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பானது. சாலையோரத்தில் 'புஸ்' என்று போகும் அந்தச் சில நிமிடங்களில் இத்தனை சேதம்! இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி இந்த வகை கேஸ்களின் பயன்பாட்டுக்கு 2028 முதல் உச்சவரம்பு. 2032-ல் 10 சதவீதத்தில் தொடங்கி, 2047-க்குள் 85 சதவீதக் குறைப்பு.

கலப்பட கேஸ் வேறு இருக்கிறது. 2011-ல் ஆர்134ஏ என்ற பெயரில் விற்ற கலப்பட கேஸ் ஏற்றப்பட்ட கப்பல் குளிர்கன்டெய்னர்கள் சில நாடுகளில் வெடித்து உயிர்ப்பலி வாங்கின. தேவையில்லாமல் கேஸ் மாற்றாமல் இருப்பது இந்த வகையிலும் பாதுகாப்பு.

பாகம் கிடைக்குமா, வாரண்ட்டி போகுமா?

"கிளட்ச் தனியா வராது சார், முழு கம்ப்ரசர்தான்" என்ற பதிலைக் கேட்டிருப்பீர்கள். சில மாடல்களுக்கு அது உண்மை. பல மாடல்களுக்கு கிளட்ச் செட்டும், காயிலும் பேரிங்கும்கூடத் தனித்தனியாக வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்துக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய கம்ப்ரசரிலிருந்து கிளட்ச்சை மட்டும் எடுத்துப் பொருத்துகிறவர்களும் உண்டு. புல்லியின் பள்ளங்கள், விட்டம், காயிலின் கனெக்டர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பாகத்தை வெளியே விற்காமல் வைத்துக்கொள்வது சட்டப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டவிடவில்லை என்பதே குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்தாலே வாரண்ட்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென இணையதளம் தொடங்கியபோது அதில் வாகனத்துறையும் இடம்பெற்றது. ஆனாலும், வாரண்ட்டி காலத்தில் இருக்கும் வண்டியின் கிளட்ச்சில் நாமே கைவைப்பது புத்திசாலித்தனமல்ல. இலவசமாக மாற்றித் தர வேண்டிய பாகம் அது.

கிளட்ச்சே இல்லாத வண்டிகள்

இந்தக் கட்டுரை எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்ரசர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கேஸைத் தள்ளுவது என்பதை உள்ளே இருக்கும் வால்வு தீர்மானிக்கும். 'டக்' சத்தத்தைத் தேடினால் கிடைக்காது. எலெக்ட்ரிக் கார்களில் பெல்ட்டே கிடையாது; கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார்.

அதற்காகக் கிளட்ச் வழக்கொழிந்துவிடவில்லை. நம் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இன்னொரு புதுக் கூட்டமும் சேர்கிறது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். வெயிலில் வெந்துகொண்டு ஓட்டியவர்களுக்கு இது பெரிய விடுதலை. நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகள் இனி இந்தக் கோளாறையும் பார்த்தாக வேண்டும்.

கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

இவ்வளவு எளிய கோளாறு ஏன் இத்தனை முறை கேஸ் பில்லாக மாறுகிறது? மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் மாட்டிய பாகத்துக்குக் காசு கொடுக்கிறோம். ஏற்றிய கேஸுக்குக் காசு கொடுக்கிறோம். மீட்டரை வைத்து அரை மணி நேரம் தேடி, "கேஸ் சரியா இருக்கு சார், பிளேட்தான் பிடிக்கல" என்று சொல்பவருக்கு என்ன கொடுக்கிறோம்? "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்கிறோம். ஒரு சிம்மைக் கழற்றியவருக்கு டீ காசு, கேஸ் ஏற்றியவருக்கு ஆயிரங்கள் என்றால் அவர் எதைச் செய்வார்?

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. பயிற்சி வரட்டும். ஆனால், கற்றதைப் பயன்படுத்தினால் நஷ்டம் என்ற நிலை இருக்கும்வரை சிலிண்டர்தான் முதலில் வெளியே வரும்.

எல்லோரும் ஸ்பேனர் தூக்க வேண்டியதில்லை. பிளேட் சுற்றுகிறதா, காயிலுக்கு வோல்ட் வருகிறதா என்று இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துவைத்துக்கொண்டு கடைக்குப் போனாலே பேச்சு வேறு மாதிரி தொடங்கும். அங்கே போனதும் கேஸ் விலையைக் கேட்பதற்கு முன்னால், "பார்த்துச் சொல்றதுக்கு எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஏ.சி. செலவிலேயே மலிவானது அதுதான்.